பெட்டியைப் பற்றிய சண்டை: கம்மாபுரம் வட்டார வயர்மேன் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

கம்மாபுரம், ஊ.மங்கலம், தர்மநல்லூர், கார்மாங்குடி பக்கமெல்லாம் வயரிங் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு,

போன ஆயுத பூசை அன்று கடைவீதியில் நடந்த சண்டை உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. டெஸ்டர், கட்டிங் பிளையர், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை பங்கிட்டு முடித்த கையோடு ஒரு தம்பி செல்போனில் ஒரு வீடியோவை நீட்டினார். லண்டனில் பிளாஸ்டிக் டிபி பாக்ஸ் மாட்டக்கூடாதாம், சட்டமே வந்துவிட்டதாம். அவ்வளவுதான், இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டீர்கள். தகரப் பெட்டிதான் தீக்குப் பாதுகாப்பு என்று ஒரு பக்கம். தகரத்தில் கை வைத்தால் ஷாக்தான், பிளாஸ்டிக்கே மேல் என்று இன்னொரு பக்கம். கடைசியில் யாரோ, "அண்ணே, நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினீர்கள். அப்போது வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா இருந்துவிட்டேன். வாய் நிறைய வெற்றிலை இருந்தது ஒரு காரணம். சொல்ல வேண்டியது என் தலையையே குனிய வைக்கும் சங்கதி என்பது நிஜமான காரணம். எழுத்தில் சொல்வது கொஞ்சம் எளிது.

லண்டன் சமாசாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த வீடியோ சொன்னது பாதிதான். நமக்கு ஐ.எஸ். 732 இருப்பதுபோல பிரிட்டனில் வயரிங்குக்கு பி.எஸ். 7671 என்று ஒரு விதிநூல் உண்டு. அதில் 2015-ல் ஒரு திருத்தம் வந்தது. 2016 ஜனவரி 1 முதல் வீட்டில் புதிதாக மாட்டும் பெட்டியின் கூடு எரியாத பொருளில் இருக்க வேண்டும், உதாரணத்துக்கு இரும்பு என்றார்கள். பிளாஸ்டிக் பெட்டிகளில் பிடிக்கும் தீயைப் பற்றி லண்டன் தீயணைப்புப் படை விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததன் விளைவு அது. அந்த ஊர் வீடுகளில் பெட்டி பல நேரம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும். படியோ மரம். ராத்திரி அங்கே பற்றினால் மேலே தூங்குகிறவர் இறங்கி ஓட வழியே இருக்காது.

வீடியோவில் இல்லாத மீதி என்னவென்றால், அந்த ஊர் எலக்ட்ரீஷியன்களும் உங்களைப் போலவே அடித்துக்கொண்டார்கள். இரும்புப் பெட்டி போட்டால் தீ உள்ளேயே அடங்கும், சரி, ஆனால் தீ பிடிப்பதே லூஸ் கனெக்‌ஷனால்தானே, அதை விட்டுவிட்டுக் கூட்டை மாற்றச் சொன்னால் எப்படி என்று கேட்டார்கள். மீட்டர் மாற்ற வருகிறவர்கள் மெயின் வயரை அசைத்துவிட்டுப் போவதால்தான் இத்தனையும் என்று சிலர் சொன்னார்கள். கரண்ட் கம்பெனியின் எர்த் வராமல், வீட்டுக்கு வீடு சொந்தமாகக் கம்பி அடித்து நிற்கும் கிராமங்களில் இரும்புப் பெட்டியே ஆளைக் கொல்லாதா என்றும் கேட்டார்கள். இந்தக் கடைசிக் கேள்வி நம்முடையது. அதைப் பிறகு பேசுகிறேன்.

நம் ஊர்க் கதை வேறு. நான் வேலைக்கு வந்த காலத்தில் டிபி பாக்ஸ் என்ற பேச்சே கிடையாது. தேக்குப் பலகை, அதன்மேல் இரண்டு பீங்கான் கிட்கேட் ஃபியூஸ், பக்கத்தில் மீட்டர். பீங்கான் நமக்குத் தூரத்துப் பொருள் இல்லை. பக்கத்து விருத்தாசலம் சூளைகளில் வெந்து வந்ததுதான். பலகை எரியும், பீங்கான் எரியாது. ஃபியூஸ் போனால் ஃபியூஸ் கம்பி ஒரு இழை போட வேண்டிய இடத்தில் வயரைப் பிரித்து நாலு இழை முறுக்கிப் போட்டோம். அதனால் பலகை கருகியதும் உண்டு. எங்கள் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு லோடு இல்லை. குடிசைக்கு ஒரு விளக்கு என்று கொடுத்த இணைப்பில் 40 வாட் குண்டு பல்பு எரியும். அதில் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் அவ்வளவாகச் சூடேறாது. பிறகு 2006-க்குப் பின் இலவச டிவி வந்தது. 2011-ல் மிக்ஸியும் கிரைண்டரும் ஃபேனும் வந்தன. அதே வருஷம் டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் வந்து முந்திரியோடு கூரைகளையும் பிடுங்கிப் போட்டது. அதன் பிறகு கூரை இருந்த இடங்களில் எத்தனை கான்கிரீட் வீடு எழும்பியது என்பதற்கு உங்கள் உள்ளங்கைக் காய்ப்பே சாட்சி. பின்னாலேயே ஃபிரிட்ஜ், போர் மோட்டார், ஏசி. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் மாப்பிள்ளை வருவதற்கு முன்பே கீசர் வந்துவிடுகிறது. நெய்வேலி புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே கரண்ட் இல்லாமல் வளர்ந்த ஊர் நமது. கிடைத்ததும் ஆசை தீர வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், அதில் தப்பில்லை. ஆனால் மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயரும் மெயினில் இருக்கிற திருகும் பல வீடுகளில் பழைய கணக்கிலேயே இருக்கின்றன.

இனி என் கதை.

தானே முடிந்து ஒன்றரை வருஷம் கழித்து ஒரு புது வீட்டுக்கு வயரிங் செய்தேன். ஊர் பேர் வேண்டாம். நல்ல வீடு, நல்ல மனிதர்கள், பேசிய பணத்தைக் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே கொடுத்தவர்கள். மாடிப்படிக்கு அடியில் எட்டு வழி டிபி பாக்ஸ், கம்பெனி சாமான், தகரம்தான். பெட்டி அழகாக இல்லை என்று அந்தம்மா அதன்மேல் தினசரி காலண்டரை மாட்டிவிட்டார்கள். நம் ஊரில் பாதி டிபி பாக்ஸ் காலண்டருக்குப் பின்னால்தானே இருக்கிறது.

இரண்டு கோடை போயிற்று. மூன்றாவது கோடையில் அந்தம்மா போன் செய்தார்கள். "அண்ணே, படிக்கு அடியில எலி செத்துக் கெடக்கு போல. கவிச்சி வாடை அடிக்குது. தேடிப் பாத்தா ஒண்ணும் இல்ல. லைட்டு வேற மினுக்கு மினுக்குன்னு இருக்கு, நேரம் கெடச்சா வாங்க." மினுக்கலுக்காகப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாடை மூக்கில் ஏறியது. எலியும் இல்லை, கருவாடும் இல்லை. சுவிட்சு, எம்சிபி செய்கிற பிளாஸ்டிக் மெதுவாக வெந்தால் மீன் கவிச்சி மாதிரிதான் அடிக்கும். அந்த வாடை தெரியாத தம்பி யாராவது இருந்தால் இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படிக்காமல் போனாலும் எனக்குச் சம்மதம்.

காலண்டரை எடுத்தேன். பின்பக்க அட்டை பழுத்த இலை நிறத்துக்கு வந்திருந்தது. பெட்டி மூடியில் கை வைத்தேன், சுட்டது. வெளியே போய் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த கட்-அவுட்டைப் பிடுங்கிவிட்டு வந்து மூடியைத் திறந்தேன். மெயின் ஐசொலேட்டரின் நியூட்ரல் பக்கம் கரிக்கட்டை. பி.வி.சி. உறை ஒரு சாண் நீளத்துக்கு உருகி வழிந்து கீழே சொட்டியிருந்தது. பக்கத்து எம்சிபியின் கன்னம் நெளிந்திருந்தது. ஒன்றுகூட ட்ரிப் ஆகவில்லை. ஆர்சிசிபியும் மேலே ஏற்றிய வாக்கிலேயே நின்றது.

ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பார்த்தேன். திருகு இம்மியும் அசையவில்லை. அவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருந்தேன். ஆனால் வயரைப் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த டெர்மினலுக்குள் ஒரு சின்னக் கூண்டு இருக்கிறதே, திருகைச் சுற்றினால் மேலே ஏறி வயரைக் கவ்வுமே, அதற்குள் வயர் போகவில்லை. கூண்டுக்குப் பின்னால் போயிருக்கிறது. நான் இறுக்கியது வெறும் கூண்டை. வயர் சும்மா ஒட்டிக்கொண்டு இரண்டு வருஷம் வேலை செய்திருக்கிறது. படிக்கு அடியில் இருட்டு, சாயங்கால நேரம், மறுநாள் கிரகப்பிரவேசம், ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாக்கு ஆயிரம் சொல்லலாம். கை என்னுடையது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒட்டியும் ஒட்டாமலும் இருந்த அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசர், அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து மெயினில் 16 ஆம்பியர் ஓடுகிறது. பதினாறைப் பதினாறால் பெருக்கி, அதைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய 25 வாட். உங்கள் பையில் இருக்கிற சால்டரிங் அயர்னும் 25 வாட்தான். அதை ஏற்றிவைத்து, 70 டிகிரி தாங்கும் பி.வி.சி. வயர் மேல் சாய்த்துவிட்டு, மூடியை மூடி, மேலே காலண்டர் மாட்டிவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் செய்திருக்கிறேன். சூடேற ஏறத் தாமிரம் கறுக்கும், கறுக்கக் கறுக்கத் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு.

எம்சிபி ஏன் விழவில்லை என்று அந்த வீட்டுப் பையன் கேட்டான், காலேஜ் படிக்கிறவன். எம்சிபிக்குத் தெரிந்தது எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பது மட்டும். அளவுக்கு மேல் ஓடவில்லையே. ஆர்சிசிபி பார்ப்பது போன கரண்டு முழுசாகத் திரும்பி வந்ததா என்பதை. வந்துவிட்டதே, எர்த்துக்குப் போகவில்லையே. லூஸ் கனெக்‌ஷனைப் பார்க்கிற கண் இந்த இரண்டுக்கும் கிடையாது. லூஸான இடத்தில் பறக்கும் தீப்பொறியை மோப்பம் பிடிக்க வேறு ஒரு சாதனம் இருக்கிறது, ஏ.எஃப்.டி.டி. என்பார்கள். நம் ஊர் வீட்டுக்காரரிடம் அதன் விலையைச் சொன்னால் கீசரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். "எல்லாம் ட்ரிப்பர் போட்டிருக்கோம், பயம் இல்ல" என்று நீங்களும் நானும் வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வருகிறோமே, அந்த வாக்கு இந்த விஷயத்தில் செல்லாது.

அன்று அந்த வீடு தப்பியதற்குத் தகரப் பெட்டியும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். உருகியது உள்ளேயே சொட்டியது, காலண்டர் பற்றவில்லை. தகரக் கட்சிக்கு அந்த மட்டும் வெற்றி. ஆனால் அடிப்பக்கத்துத் துளைகளை மூடாமல் விட்டு, மூடியைக் கழற்றிப் பரணில் போட்டிருந்தால் தகரமும் ஒன்றுதான் தட்டியும் ஒன்றுதான். எத்தனை வீட்டில் மூடி இருக்கிறது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இப்போது பிளாஸ்டிக் கட்சி. நீங்கள் சொன்னதும் வீண் பேச்சில்லை. நம் பக்கம் எர்த் என்பது வீட்டுக்காரர் கொல்லையில் நாம் புதைக்கிற பைப்புதான். கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வருகிறோம். யாரும் ஊற்றுவதில்லை. சித்திரை வைகாசியில் மண் வெடித்துக் கிடக்கும்போது அந்த எர்த் 40 ஓம் காட்டினால் ஆச்சரியமில்லை. 230-ஐ 40-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சட்டையே செய்யாது. கட்-அவுட் ஃபியூஸும் அசையாது. பெட்டிக்குள் நுழையும் ஃபேஸ் வயர் தகரத்தின் விளிம்பில் தேய்ந்து தொட்டுவிட்டால் பெட்டி முழுக்கக் கரண்டு நிற்கும். அது ஆர்சிசிபிக்கு முந்திய இடம் என்பதால் அதுவும் காப்பாற்றாது. ஈரக் கையோடு சுவிட்சைத் தட்ட வருகிற வீட்டம்மாவின் கதி என்ன?

அதற்காகத் தகரத்தைத் தள்ள வேண்டியதில்லை. உள்ளே வரும் இரண்டு வயரையும் பி.வி.சி. பைப்போடு பெட்டிக்குள் கொண்டுவந்து, துளைக்கு ரப்பர் குரோமெட் போட்டு, வந்ததும் முதல் வேலையாக ஆர்சிசிபிக்குள் செருகிவிட்டால் கரண்டு தகரத்தைத் தொட இடமே இராது. பெட்டிக்கு எர்த் கொடுக்காமல் விடுகிறவரோடு எனக்குப் பேச்சே இல்லை. மரப் பலகை, ஓலைக் கூரை, படிக்கு அடி, கேஸ் சிலிண்டர் இருக்கும் மூலை என்றால் தகரம்தான் போட வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. வெளிச்சுவரில் காரைமேல் தனியாக, சாரல் படாத இடத்தில் நிற்கிற சின்னப் பெட்டி நல்ல கம்பெனி பிளாஸ்டிக்காக இருந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். லண்டன்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார், இருக்கட்டும்.

ஆர்சிசிபி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2010-ல் மத்திய மின்சார ஆணையம் போட்ட பாதுகாப்பு விதியில் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீடுகளுக்கு இதிலிருந்து விலக்கு இருந்தது. அதைக் காட்டித்தான் நாமெல்லாம் தப்பித்துவந்தோம். இப்போது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமே வீடுகளுக்கும் கட்டாயம் என்று சொல்லிவிட்டது, 30 மில்லி ஆம்பியர். இருந்தும், இபி ஆள் பார்த்துவிட்டுப் போனதும் "அடிக்கடி விழுதுண்ணே" என்ற ஒரு வார்த்தைக்காக அதை பைபாஸ் செய்துவிட்டு வருகிற தம்பிகள் நம்மிலேயே இருக்கிறார்கள். அது விழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இல்லையென்றால் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் நாமே ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். கலந்ததைப் பிரிக்க அரை நாள் ஆகும். பைபாஸ் செய்ய அரை நிமிஷம்.

அதைவிட எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். ஏசி ஓடும்போது எம்சிபி விழுகிறது என்று கூப்பிட்டால், 16-ஐக் கழற்றிவிட்டு 32-ஐ மாட்டிவிட்டு வருவது. சுவருக்குள் ஓடுவது அதே 1.5 வயர். 32 ஆம்பியர் எம்சிபி என்றால் 32-ல் விழும் என்று வீட்டுக்காரர் நினைக்கலாம், நாம் நினைக்கலாமா? 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை அது விழக்கூடாது. 46 ஆம்பியர் ஓடினால்கூட ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதுதான் அதற்கு வகுத்த இலக்கணம். 1.5 வயர் அதற்குள் சுவரிலேயே வெந்துவிடும். ஃபியூஸுக்கு நாலு இழை வயர் போட்ட எங்களை நீங்கள் கேலி செய்தீர்கள். இது அதே நாலு இழைதான், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு.

சரி, பெட்டி எதுவானாலும் திருகு ஒன்றுதானே. முறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். செல்போன் டார்ச்சை அடித்துக் கூண்டுக்குள் போயிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். என் காலத்தில் செல்போன் டார்ச் இல்லை என்று சாக்கு சொல்ல முடியாது, அன்று என் சட்டைப் பையில் இருந்தது. வயர் உறை கவ்வலுக்குள் போயிருந்தாலும் இதே கதைதான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கும் கம்பெனிக்காரர் அளவு கொடுத்திருக்கிறார். அந்த அளவுக்கு முறுக்குகிற டார்க் ஸ்க்ரூ டிரைவர் விலை அதிகம், ஆளுக்கு ஒன்று முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாமே. சர்வீஸ் வயர் அலுமினியம். இறுக்கினால் நசுங்கி விலகிக்கொடுத்து, நாளாவட்டத்தில் தானே தளரும். அதற்கு லக் போட்டு கிரிம்பிங் செய்யாமல் தாமிரத்தோடு முறுக்கி டேப் சுற்றுவதை இனியாவது விட வேண்டும்.

அதோடு முடியவில்லை. பல இழை வயர் புதிதாக முறுக்கியபோது இருந்த இறுக்கத்தில் நிற்பதில்லை. சூடாகி ஆறி, சூடாகி ஆறி இழைகள் படிந்து இடம் விட்டுவிடும். அதனால் குடியேறி ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒருமுறை வந்து மெயினை நிறுத்திவிட்டு எல்லாத் திருகையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிற கூலியில் திரும்பி வருகிற பெட்ரோலுக்கு யார் காசு கொடுப்பார்? நியாயம். பாயிண்ட் கணக்குக்குச் சுவரில் தெரிகிற சுவிட்சு மட்டும்தான் கண்ணில் படும். டிபி பாக்ஸுக்குள் இருக்கும் நாற்பது திருகுக்குக் கூலி இல்லை. பில்டரிடம் கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். ஒருவர் மட்டும் கேட்டால் அப்படித்தான். சங்கமாக உட்கார்ந்து, எஸ்டிமேட்டில் கடைசி வரியாக "இரண்டாவது மாதம் மெயின் செக்கிங்" என்று எல்லோரும் ஒரே தொகை எழுதினால்? கல்யாணம் என்றால் ஒத்துமையாக வசூல் செய்கிறீர்கள், இதற்கு முடியாதா?

கிண்டியில் இருக்கும் மின் உரிம வாரியத்தில் லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டைப் பார்க்காமலே டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவது உங்களுக்கு ஒரு நாள் வருமானம். மெக்கர் பிடித்து அளந்ததாக அதில் எண் எழுதுகிறீர்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். நான் வயதில் மூத்தவன், கேட்டுவிட்டேன்.

ஸ்மார்ட் மீட்டர் மாற்ற வருவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. வரும்போது, மெயின் வயரை அசைத்துவிட்டுப் போகிறார்கள் என்று பிரிட்டனில் சொன்ன அந்தக் குறை ஞாபகம் இருக்கட்டும். மீட்டர் மாற்றிய மறுநாள் நீங்கள் வயரிங் செய்த வீட்டுக்குப் போய் மீட்டருக்கு அந்தப் பக்கம் இபியுடையது என்று விட்டுவிட்டு, இந்தப் பக்கத்துத் திருகுகளையாவது தொட்டுப் பாருங்கள்.

கடைசியாக என் சொந்த வேலை ஒன்று. அந்த வீட்டில் கரிக்கட்டையைக் கழற்றிப் புது ஐசொலேட்டர் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஏன் கருகியது என்று அந்தம்மாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. "சாமான் சரியில்லம்மா" என்று கம்பெனி தலையில் போட்டுவிட்டு வந்தேன். போன மாதம் போய்ச் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசாமல் காப்பி கொடுத்தார்கள். காலண்டரை வேறு சுவருக்கு மாற்றியிருந்தார்கள்.

என்னிடம் நாலு நோட்டு இருக்கிறது. வயரிங் செய்த வீடுகளின் கணக்கு. அதே மாதிரிக் கூண்டு டெர்மினல் போட்ட வீடுகள் என்று குறித்துப் பார்த்தால் நாற்பத்தி மூன்று. கூண்டுக்குப் பின்னால் வேறு எங்கே செருகினேனோ தெரியாது. பதினொன்று போய்ப் பார்த்துவிட்டேன். இரண்டில் திருகு தளர்ந்திருந்தது. மிச்சம் முப்பத்திரண்டு. தைக்குள் முடிக்க ஆசை. வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, படிக்கு அடியில் குனிந்தால் கூண்டு தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வைத்திருக்கும் ஒரு தம்பி துணைக்கு வந்தால் போதும். பெட்ரோல் நான் போடுகிறேன். டார்ச்சை மட்டும் அவர் பிடித்தால் சரி.

அன்புடன்,
உங்கள் பழைய வயர்மேன்,
கம்மாபுரம்